இன்னும் ஒரு தையல்

டாக்டர் ஷெர்லி ஞானதீபத்தின் அறுவை மேஜையில் ஆறு வருடங்களாக ஒரு குழந்தையும் இறந்ததில்லை. கோவையில் குழந்தைகளின் இதயத்தை அறுத்துச் சரிசெய்யும் மருத்துவர்கள் நாலைந்து பேர் உண்டு. எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஆனால் யாரிடமும் சொல்ல விரும்பாத, மேஜையிலேயே இறந்துபோன ஓரிரு குழந்தைகளின் பெயர்கள் அவர்கள் ஒவ்வொருவரிடமும் இருந்தன. ஷெர்லியிடம் இல்லை.

சொந்த ஊர் நாகர்கோவில். முதலிடம் வராத எதையும் அவள் தொடர்ந்ததில்லை. பத்தாம் வகுப்பில் மாவட்ட பேட்மிண்டன் இறுதிப் போட்டியில் தோற்றாள். அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை. கார் லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கம்பத்தைத் தட்டிவிட்டாள். நாற்பது தாண்டிய பிறகும் கணவர் ரூபன்தான் அவளை மருத்துவமனை வாசலில் இறக்கிவிடுகிறார். "இன்னொரு தடவ போய்ப் பாரேன்" என்று கல்யாணமான புதிதில் சொல்லிப் பார்த்தார். "எனக்குக் கார் பிடிக்காது" என்று முடித்துவிட்டாள். பிடிக்காமல் இல்லை. ஸ்டியரிங்கை நினைத்தாலே உள்ளங்கை சில்லிட்டது, அவ்வளவுதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆறு வருடம் முன்பு மருத்துவமனையின் அடித்தளத்தில் ஒத்திகை அறையைத் திறந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வந்த பொறியாளர் பரீதா அப்போதுதான் படிப்பை முடித்திருந்தாள். முதல் நாள் ஷெர்லியைச் சாய்நாற்காலியில் உட்காரவைத்து, குல்லாய் போன்ற ஒன்றை அவள் தலையில் மாட்டிவிட்டபடியே விளக்கினாள்.

"இப்ப உங்க மனச அப்படியே ஒரு நகல் எடுத்துக்கறேன் டாக்டர். நாளைக்கு எந்தக் குழந்தைக்கு ஆபரேஷனோ, அதோட ஸ்கேனை வெச்சு மெஷினுக்குள்ள ஒரு ஆபரேஷன் தியேட்டர் கட்டியிருக்கோம். குழந்தை, நர்ஸ், மயக்க மருந்து டாக்டர், எல்லாரும் இருப்பாங்க. உங்க நகல் அங்க போய் ஆபரேஷன் பண்ணும். தப்பாயிடுச்சுன்னா நிறுத்திட்டு அடுத்த நகல விடுவோம். எது சரியா முடிக்குதோ, அந்த ஞாபகத்த மட்டும் வீட்டுல இந்தக் குல்லாயப் போட்டுட்டு நீங்க தூங்கறப்ப உங்க தலைக்குத் திருப்பிக் குடுத்துடுவோம். காலையில நீங்க கத்திய எடுக்கறப்ப கைக்கு எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

"நகலுக்குத் தான் நகல்னு தெரியுமா?"

"தெரியக்கூடாது. தெரிஞ்சா பயம் போயிடும். பயமில்லாம பண்றது உங்க ஆபரேஷனே இல்லியே."

"தோத்துப்போன நகல் என்ன ஆகும்?"

"அழிச்சிடுவோம் டாக்டர்."

ஷெர்லி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து ஒத்திகை பார்க்காமல் அவள் ஒரு குழந்தையையும் தொட்டதில்லை. எத்தனை ஒத்திகை ஓட்டினாலும் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை என்றால், அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் "இது இங்கே முடியாது, வேற இடத்துல பாருங்க" என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சிலர் வந்து போயிருக்கிறார்கள். அவர்கள் முகம் அவளுக்கு நினைவில் இல்லை.

ஆடி மாதத்தில் கலாராணி என்ற பெண் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கோபிச்செட்டிபாளையத்தில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். குழந்தைக்கு ஐந்து வயது, பெயர் நிலானி. உதடும் நகமும் நாவல்பழம் தின்றதுபோல் இருந்தன. நான்கடி நடந்தால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை.

"டாக்டரு, நீங்க நகப்பூச்சு போட மாட்டீங்களா? எங்கம்மா நல்லாப் போடுவா."

"ஆபரேஷன் பண்றவங்க போடக்கூடாதும்மா."

"அப்ப ஞாயித்துக்கிழமை போடுங்க."

ஷெர்லி ஸ்கேனைப் பார்த்தாள். இதயத்தின் இரு கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களோ சன்னமானவை. ஓட்டையை முழுதாக அடைத்தால் அந்தச் சன்னக் குழாய்கள் தாங்குமா என்பதுதான் கேள்வி.

"ரெண்டு ஆஸ்பத்திரியில பாத்துட்டனுங்க" என்றாள் கலாராணி. "ஓட்டைய இப்பத்திக்கு அப்படியே வுட்டுட்டு, நுரையீரலுக்கு ரத்தம் போறதுக்குச் சின்ன டியூப் ஒன்னு வெக்கலாம், பெரிசானப்பறம் மறுக்கா பாக்கலாம்னு சொல்றாங்க. அரைகுறையா எதுக்குங்க அறுக்கோணும்? நீங்க பண்ணுனா முழுசாப் பண்ணுவீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் வந்தனுங்க."

"நானும் அரைகுறையாப் பண்றதில்லம்மா" என்றாள் ஷெர்லி.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் பரீதா மேலே வந்தாள். வழக்கமாகப் போனில்தான் சொல்வாள்.

"எதுவும் ஜெயிக்கல டாக்டர்."

"இன்னும் ஓட்டு."

"வழக்கத்த விட நாலு மடங்கு ஓட்டியாச்சு. எல்லாத்துலயும் பாப்பா போயிடறா."

ஷெர்லி பேனாவை மூடினாள். "சரி. அந்தம்மாவ வரச் சொல்லு. வேற இடம் பாக்கச் சொல்லிடறேன்."

பரீதா நகரவில்லை. "போன வருஷம் கரூர்லருந்து ஒரு பையன் வந்தான். நீங்க வேற இடம் பாக்கச் சொன்னீங்க. நான் அவங்கப்பாவுக்குப் போன் பண்ணேன் டாக்டர். வேற யாரும் எடுத்துக்கல. வீட்டுலயே போயிட்டான்."

"அதை ஏன் எங்கிட்ட சொல்ற?"

"நான் வேலைய விடப்போறேன். அதான் சொல்லிட்டுப் போறேன். இன்னொன்னும் உங்களுக்குக் காட்டணும். காட்டக்கூடாதுன்னு இந்த மெஷின் செஞ்ச கம்பெனியோட ரூல். நீங்க பாத்துட்டா, இனிமே எடுக்கற எல்லா நகலுக்கும் இது தெரிஞ்சிடும்."

அடித்தளத்தில் குளிர் அதிகம். பரீதா திரையை ஓடவிட்டாள்.

"முன்னெல்லாம் குழந்தை இறந்த நிமிஷமே மெஷின் நின்னுடும். இந்த வருஷம் கம்பெனியில மாத்திட்டாங்க. தப்பு எங்கன்னு கத்துக்க, அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் ஓடட்டும்னு. அதுலருந்து நான் இதைப் பாக்கறேன்."

திரையில் ஷெர்லி தன்னையே முதுகுப்புறமிருந்து பார்த்தாள். பச்சை உடை, கழுத்தில் தொங்கும் முகமூடி. அறுவை அரங்கிலிருந்து வெளியே வந்து, சிறு தாழ்வாரத்தைக் கடந்து, பெற்றோர் காத்திருக்கும் அறையின் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். கைப்பிடியில் கை. கதவைத் திறக்கவில்லை. அப்படியே நிற்கிறாள்.

பரீதா அடுத்ததைப் போட்டாள். அதே தாழ்வாரம், அதே முதுகு. அதற்கடுத்ததிலும் அதே. குழந்தை ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நேரத்தில் இறந்திருந்தது. நிற்பது மட்டும் மாறவில்லை.

"எவ்வளவு நேரம் நிப்பேன்?"

"நான் நிறுத்தற வரைக்கும். ஒரு தடவை நிறுத்தாம வீட்டுக்குப் போயிட்டேன். உள்ள நேரம் வேகமா ஓடும் டாக்டர். காலையில வந்து பாத்தா, உங்க கணக்குல நாள்கணக்கா ஆகியிருக்கும். அப்பவும் நின்னுட்டுதான் இருந்தீங்க."

"கதவுக்குப் பின்னால யாரு?"

"யாரும் இல்ல. எதுவுமே இல்ல. அந்த அறைய நாங்க கட்டவே இல்ல. ஆபரேஷனுக்கு அது தேவைன்னு யாருக்கும் தோணல."

ஷெர்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜெயித்த ஒத்திகைகளை அவள் நினைவாக அறிவாள். தோற்றவற்றை இதுவரை பார்த்ததேயில்லை. "ஆபரேஷனக் காட்டு" என்றாள்.

சாயங்காலம் வரை பார்த்தாள். நிலானியின் சின்னஞ்சிறு இதயம் திரையில் மீண்டும் மீண்டும் திறந்தது. வெட்டு சுத்தம், தையல் சுத்தம். அவளே தன்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டையின் மீது வைத்த ஒட்டு பாதி தைக்கப்பட்டிருக்கும்போது மானிட்டரில் ரத்த அழுத்த அளவுகள் மோசமாகத் தொடங்கின. மயக்க மருந்து மருத்துவர் தங்கபாண்டியின் உருவம் தலைநிமிர்ந்து, "போதும் டாக்டர், விட்டுட்டு டியூப் வெச்சிடலாம்" என்றது. திரையிலிருந்த ஷெர்லி, "இன்னும் ஒரு தையல்" என்றாள்.

அடுத்ததிலும், "இன்னும் ஒரு தையல்."

அதற்கடுத்ததிலும்.

குரலில் ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை. அந்த வார்த்தைக்குப் பிறகு எந்த ஒத்திகையிலும் இதயம் மறுபடி துடிக்கவில்லை. எல்லா ஒத்திகையிலும் நிறுத்த இடம் இருந்தது. ஒரு நகல்கூட நிறுத்தவில்லை.

"இப்ப எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றாள் ஷெர்லி. "புதுசா ஒரு நகல் எடு. அது நிறுத்திடும்."

பரீதா குல்லாயை மாட்டினாள். சற்று நேரத்தில் புதிய நகல் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தது. அதற்கு எல்லாம் தெரியும்: கதவு, முதுகுகள், அந்த ஒரு வார்த்தை. தான் எது என்பது மட்டும் தெரியாது. ஒருமுறை கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு வேலையைத் தொடங்கியது.

அந்த இடம் வந்தது. தங்கபாண்டியின் உருவம் சொல்ல வேண்டியதைச் சொன்னது. நகலின் கை ஊசியோடு நின்றது. வெளியே ஷெர்லி, "நிறுத்து, நிறுத்து" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"நான் நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்" என்றது நகல், யாரிடமென்றில்லாமல். "ஆனா நல்லாத்தான போயிட்டிருக்கு. இன்னும் ஒரு தையல்தான்."

நிலானி இறந்தாள்.

நகல் தாழ்வாரத்துக்கு வந்தது. கைப்பிடியில் கைவைத்தது. பரீதா நிறுத்தும் பொத்தானுக்குக் கை நீட்டினாள். ஷெர்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு நகல், பிரார்த்தனை செய்கிறவளைப்போல் மெல்ல முணுமுணுத்தது.

"உள்ள யாரும் இருக்கக்கூடாது. கர்த்தரே, யாரும் இருக்கக்கூடாது."

கதவைத் திறந்தது.

அங்கே சுவர் இல்லை, தரை இல்லை, இருட்டுகூட இல்லை. சாம்பல் நிறம் மட்டும். நகல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. அதன் முகம் மெதுவாக மலர்ந்தது. இப்படிப்பட்ட ஒரு சிரிப்பு தன் முகத்தில் வரும் என்று ஷெர்லிக்கு அதுவரை தெரியாது.

"நல்லவேளை" என்றது. "அப்ப பாப்பா இன்னும் இருக்கா. ஆபரேஷன் நடக்கவே இல்ல." பிறகு மேலே பார்த்தது. கேமரா இருக்கும் இடம் அதற்குத் தெரிந்திருந்தது. "பரீதா, இன்னொரு தடவ குடும்மா. இந்தத் தடவ முழுசா முடிச்சிடறேன்."

பரீதா திரையை அணைத்தாள்.

"தெரிஞ்சும் நிறுத்தலியே" என்றாள் பரீதா.

"தெரிஞ்சா போதாது போல." ஷெர்லி எழுந்தாள். "இந்த ஞாபகத்த எனக்குக் குடு."

"தோத்ததையா? வேண்டாம் டாக்டர். உங்க கையும் அதையேதானே பண்ணும்?"

"அந்தத் தையலப் போட்டா அடுத்து என்ன ஆகும்னும் கைக்குத் தெரியணும்ல."

மறுநாள் காலை ஷெர்லி விழித்தபோது அவள் உள்ளங்கையில் ஒரு குழந்தையின் இதயம் நின்றுபோயிருந்தது. ரூபன் காப்பி கொண்டுவந்து வைத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் அழுவதைப் பார்த்து, யார் செத்தது என்று பதறிக் கேட்டார்.

"யாரும் சாகல" என்றாள். "இன்னும் சாகல."

கலாராணியிடம், "முடிஞ்ச வரைக்கும் பண்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அரங்குக்குள் போனாள். நிலானி மயங்குவதற்கு முன், "ஞாயித்துக்கிழமைதானுங்க?" என்று கேட்டாள். எதைக் கேட்கிறாள் என்று புரியாமல் தங்கபாண்டி, "ஆமா பாப்பா" என்றார்.

ஒட்டு பாதி தைத்தாயிற்று. அளவுகள் சரியத் தொடங்கின.

"போதும் டாக்டர்" என்றார் தங்கபாண்டி. இந்தத் தங்கபாண்டிக்கு வியர்த்திருந்தது, பேசும்போது இருமினார். "விட்டுட்டு டியூப் வெச்சிடலாமா?"

ஊசி அவள் கையில் இருந்தது. கை முன்னே போனது. அதற்கு வழி தெரியும். இன்னும் ஒரே ஒரு தையல்; சுத்தமாக, அழகாக, யாரும் குறை சொல்ல முடியாதபடி முடிந்துவிடும். அப்போது நேற்றைய கனம் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. பாதித் துடிப்பில் நின்றுபோன சின்னத் தசையின் வெதுவெதுப்பு. அவள் விரல்கள் தாமாக விரிந்தன. ஊசி தட்டில் விழுந்த சத்தம் அரங்கில் எல்லோருக்கும் கேட்டது.

"ஒட்டுப் போட்டத எடுத்துடறேன்" என்றாள். "ஓட்டை அப்படியே இருக்கட்டும். டியூப் குடுங்க."

செவிலியர் ஒருவர் அவளை வியப்போடு பார்த்தார். போட்ட தையலைத் தானே பிரிப்பது ஷெர்லிக்கு அதுதான் முதல் தடவை. பாதி வழியில் கண்ணீர் கண்ணை மறைத்தது. அதே செவிலியர் துடைத்துவிட்டார். இதயம் தயங்கித் தயங்கித் துடிக்கத் தொடங்கியபோது அரங்கில் யாரும் கை தட்டவில்லை.

தாழ்வாரத்தில் அவள் தனியாக நடந்தாள். கதவு. கைப்பிடி. கை அதன் மேல் போனதும் உடம்பு கல்லானது. உள்ளே இருப்பது கலாராணியாக இருக்கலாம். சாம்பல் நிறமாகவும் இருக்கலாம். வித்தியாசம் சொல்ல வெளியே நிற்பவளுக்கு வழியே இல்லை. சாம்பலாக இருந்தால் இன்னொரு தடவை உண்டு, முழுசாக முடித்துவிடலாம். அந்த ஆசை வந்தபோது தன் முதுகை யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

திறந்தாள்.

மின்விசிறியின் கிறீச்சொலி. யாரோ சாப்பிட்டு வைத்த தக்காளி சாதத்தின் வாசனை. கலாராணி போனைப் பையில் போடத் தெரியாமல் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"முழுசாப் பண்ண முடியலம்மா" என்றாள் ஷெர்லி. "ஓட்டைய அடைக்கல. டியூப்தான் வெச்சிருக்கேன்."

"உசுரு இருக்குதுங்களா?"

"இருக்கா."

கலாராணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. "இதத்தானுங்க அவங்களும் சொன்னாங்க? இதுக்கா இத்தன தூரம் வந்தேன்? மறுக்கா எம் புள்ளைய அறுக்கோணுமா?"

"ஆமாம்மா. மறுபடி அறுக்கணும்."

"முழுசாப் பண்ணுவீங்கன்னு நம்புனனுங்களே!"

ஷெர்லி நாற்காலியில் கலாராணியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். திட்டி முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள்.

பத்து நாள் கழித்து நிலானியை வார்டுக்கு மாற்றினார்கள். அன்று பரீதா போன் செய்தாள். அவள் இன்னும் வேலையை விட்டிருக்கவில்லை.

"கீழ வர முடியுமா டாக்டர்? ஒன்னு சொல்லணும். திட்டாதீங்க."

அறைக்குள் திரை அணைந்திருந்தது. மெஷின் மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

"கதவத் திறந்துச்சே ஒன்னு" என்றாள் பரீதா. "அதை நான் அழிக்கல. முடியல. நேரத்த நம்ம நேரத்துக்கே குறைச்சு வெச்சிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ரூம் கட்டிக் குடுத்தேன். ஜன்னல் வெச்சேன்."

"என்ன பண்ணுது?"

"தினம் ஒரே கேள்வி. 'எப்ப குடுப்ப?'ன்னு. நான் பதில் சொல்றதில்ல. என்ன சொல்றதுன்னு தெரியல டாக்டர். அழிக்கணும்னாலும் நீங்களே சொல்லிடுங்க. நான் அழிச்சிடறேன்."

பரீதா மைக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். ஷெர்லி திரையைப் போடச் சொல்லவில்லை. தன் முகத்தைப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

"கேக்குதா?" என்றாள்.

பிறகு ஒலிபெருக்கியில் அவளுடைய குரலே வந்தது. "நீயா? ஆபரேஷன் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"பாப்பா?"

"இருக்கா. வார்டுல இருக்கா. ஓயாமப் பேசறா."

"உதடு?"

"நீலம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. முழுசாப் போகல. ஓட்டைய அடைக்கல."

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. மூச்சு தேவையில்லாத ஒன்று மூச்சு விடுவதைக் கேட்டு ஷெர்லி ஒலிபெருக்கியையே பார்த்தாள்.

"அப்ப நீ தோத்துட்ட."

பரீதா பொத்தானை நோக்கி நகர்ந்தாள். ஷெர்லி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ஆமா" என்றாள். "தோத்துட்டேன்."

உள்ளே ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது. போய்விட்டதோ என்று நினைத்தார்கள். பிறகு குரல் வந்தது. இம்முறை அதில் அதட்டல் இல்லை. இருட்டில் பக்கத்துக் கட்டிலிலிருந்து சின்னப் பிள்ளை ரகசியமாகக் கேட்பதுபோல் கேட்டது.

"எப்படி இருந்துச்சு?"

ஷெர்லி மைக்குக்கு இன்னும் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கதவத் திறந்ததும் தக்காளி சாதம் மணந்துச்சு. ரொம்ப பசிச்சுது" என்றாள்.